கடைசி வரிக்கு விட்ட இடம்

ஓரோ ப்ரேத்து, பிரேசில்
8 செப்டம்பர் 1991

அன்புள்ள அக்கா,

நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒரு பதிலாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நாள் முழுக்கப் பிரேசில் தூதரகத்தில் தட்டச்சு செய்கிறவளுக்குத் தம்பிக்கு எழுத மட்டும் தாள் கிடைக்காது போலிருக்கிறது.

நான் நலம். குளிர் விட்டுவிட்டது. இந்த ஊரில் எங்கே போனாலும் ஏற்றம்தான். இறங்கும்போதுகூட ஏறுகிற மாதிரி மூச்சு வாங்குகிறது. எங்கள் வீட்டில் பதினொரு பேர். மாணவர்கள் சேர்ந்து இருக்கும் வீட்டை இங்கே 'குடியரசு' என்றுதான் சொல்வார்கள். எங்கள் குடியரசுக்குக் கொடி உண்டு, சட்டம் உண்டு, ஒரு வாரமாகக் கழுவாத பாத்திரமும் உண்டு. ஐந்தாவது வருடம் நடக்கிறது. இன்னும் ஒருவனும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, நம் நாட்டுப் பெயர்தான். "டேய் ஸாயிர், பீன்ஸ் வெந்துச்சா பாரு." ஒரு நாடே அடுப்படியில் நிற்கிறது.

மரவள்ளி மாவை இவர்கள் வறுத்துச் சோற்றின் மேல் தூவிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே. களி கிண்டத் தெரியாத ஜனம் என்பாள்.

ஒரே ஒரு காரியம். என் பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதியும் டிசம்பர் 20-ஆம் தேதி முடிகின்றன. போன தடவை மாதிரியே, நம் மாணவர்கள் ஆறு பேரின் பாஸ்போர்ட்டையும் இங்கே தலைநகர் பிரசிலியாவில் வாங்கித் தூதரகப் பையில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ நம் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு குறிப்பு அடிப்பாய். அவர்களால்தான் முடியும், புதுப்பித்துத் தருவார்கள். பை திரும்பும். அடுத்த ஜூனில் நான் சுரங்கப் பொறியாளன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நீ சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எழுதும் குறிப்பில் 'நான்' கிடையாது, கையெழுத்து கிடையாது, முத்திரையும் சுருக்கொப்பமும்தான் என்றாய். கோபம் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். திட்ட மாட்டார்கள், கடைசி மரியாதை வரியை மட்டும் விட்டுவிடுவார்கள், அதைப் பார்த்து எதிரே ஓர் அமைச்சகமே வியர்த்துப்போகும் என்றாய். நான் ஒரு வாரம் சிரித்தேன்.

எனவே, தம்பி இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, அக்காவின் மேல் தனக்குள்ள மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்துகிறான்.

இலுங்கா


கின்ஷாசா
2 அக்டோபர் 1991

இலுங்கா,

அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ அங்கே வானொலியில் கேட்டிருப்பாய். சம்பளம் வராத சிப்பாய்கள் திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஊரே சேர்ந்துகொண்டது. எங்கள் பண்டால் தெருவில் நின்றுகொண்டு பார்த்தேன். தலையில் கதவு. தலையில் குளியல் தொட்டி. பல் வைத்தியரின் நாற்காலியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்திருந்தான். சிரித்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து கதவுக்குப் பின்னால் மேசையை இழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை தூதரகத்தார் எல்லோரும் படகில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரை நாட்டுப் பிராசவில்லுக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனது துணைத் தூதர் தோனா ஜுரேமா. கொடியை அவரும் நானும்தான் மடித்தோம். படுக்கை விரிப்பு மடிப்பது மாதிரி, ஆளுக்கு இரண்டு மூலை. சாவிக்கொத்தை என் கையில் வைத்துச் சொன்னார்:

"மூடிட்டுப் போகல மூஜிங்கா. பூட்டிட்டுப் போறோம். ரெண்டும் வேற."

"எப்ப வருவீங்க?"

"உனக்குத் தெரியாதா? எங்களுக்கும் அத வேற யாராவதுதான் சொல்லணும்."

ஒன்பது வருடமாக அவருக்குக் கீழே இருக்கிறேன். அப்போதுதான் முதல் முறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் தோளில் காப்பி வாசனை.

இப்போது காலையில் போய்ப் பூட்டைத் திறக்கிறேன், தூசி தட்டுகிறேன், மாலையில் பூட்டுகிறேன். வாசலில் காவலாளி மாவுங்கு. உள்ளே நான். ஒரு நாடு என்றால் தற்சமயம் நாங்கள் இருவர்தான்.

உன் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆறும் இரும்பு அலமாரியில், இடப்பக்க இழுப்பறையில் இருக்கின்றன. அந்தத் திங்கட்கிழமைதான் குறிப்பு அடிப்பதாக இருந்தது. தோனா ஜுரேமா சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பொறு. வந்துவிடுவார்கள்.

தபால் இல்லை. தொலைபேசி இல்லை. கன்னிமடத்துச் சகோதரி யூலாலியா பத்து நாளைக்கு ஒரு தடவை பிராசவில்லில் உள்ள அவர்கள் மடத்துக்குப் போய் வருகிறார். இந்தக் கடிதம் அவர் கைப்பையில் வருகிறது. நீயும் அங்குள்ள அவர்கள் மடத்தில் கொடு.

சாப்பிடு. மாவைத் தூவிக்கொண்டாவது சாப்பிடு.

உன் அக்கா,
மூஜிங்கா


ஓரோ ப்ரேத்து
16 அக்டோபர் 1991

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மூன்று தடவை உங்கள் இருவருக்காக. நான்காவது தடவை எனக்காக. மன்னித்துவிடு.

காவல் அலுவலகத்தில் கேட்டேன். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் தங்கும் அனுமதி கிடையாது. அனுமதி இல்லாமல் கல்லூரிப் பதிவு கிடையாது. டிசம்பர் 20 தாண்டினால் எட்டு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். விட்ட இடத்தைத் திரும்பத் தர மாட்டார்கள். நாலரை வருடப் படிப்பு செல்லாது. கொடுமையான ஆள் ஒருவரும் இல்லை. எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள்.

"உங்க நாட்டோட எங்களுக்கு நல்ல உறவு இருக்கே தம்பி, எதுக்குக் கவலைப்படற? உங்க அமைச்சகம் புதுப்பிச்சுக் குடுத்தா முடிஞ்சுது."

"அமைச்சகத்துக்கிட்ட உங்க தூதரகம்தான் கேக்கணும்."

"கேக்கச் சொல்லு."

"அங்க ஆள் இல்ல."

"உறவு இருக்குல்ல?"

உறவு இருக்கிறது. ஆள் இல்லை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை நாளில் திரும்பி வருவார்கள் என்று ஏதாவது தெரிந்ததா? அந்தக் குறிப்பு ஒரு பக்கம்தானே? போன தடவை நீதானே அடித்தாய்? வாசகம் உனக்கு மனப்பாடம்.

முத்திரையை எடுத்துக்கொண்டு போனார்களா?

சும்மா கேட்டேன்.

இலுங்கா


கின்ஷாசா
29 அக்டோபர் 1991

இலுங்கா,

சும்மா கேட்கவில்லை நீ.

நேற்று அமைச்சகத்துக்குப் போனேன். வெறும் கையோடு. மின்தூக்கி ஓடவில்லை. ஐந்தாவது மாடியில், வெளிநாட்டுத் தூதரகங்களைக் கவனிக்கும் மரியாதைப் பிரிவில், லோக்வா என்று ஒரு பெரியவர். நீ பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக எங்கள் குறிப்புகளை வாங்கிக்கொள்வது அவர்தான். 'குடிமகளே' என்று கூப்பிடும் வழக்கம் போன வருடமே போய்விட்டது. அவர் வாயிலிருந்து மட்டும் போகவில்லை.

"என்ன குடிமகளே, பிரேசில் நலமா?"

"நலம் ஐயா. ஆறு மாணவர்களோட பாஸ்போர்ட்டு…"

"குறிப்பு எங்க?"

"அடிக்க அதிகாரி இல்லையே ஐயா. எல்லாரும் ஆத்துக்கு அந்தப் பக்கம். உங்களுக்கே தெரியும்."

"அப்ப பிரேசில் கேக்கலன்னு அர்த்தம். நீங்க கேக்கறீங்க. நீங்க யாரு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் யோசித்தேன். ஐந்து மாடியும் இறங்கி வந்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முத்திரை இங்கேதான் இருக்கிறது. எங்கே என்று எழுத மாட்டேன். என்னை நம்பி விட்டுப்போன பொருள் அது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வாயாக நான் பேச வேண்டும் என்கிறாயா? நம் வீட்டில் வளர்ந்த பையன் கேட்கிற கேள்வியா இது?

இனி அதைப் பற்றி எழுதாதே.

மூஜிங்கா


ஓரோ ப்ரேத்து
8 நவம்பர் 1991

அக்கா,

கடைசி வரி இல்லாமல் கடிதம் அனுப்பியிருக்கிறாய். 'உன் அக்கா' கூட இல்லை. அமைச்சகம் மாதிரி நானும் வியர்த்துத்தான் போனேன்.

நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது. சகோதரியின் கைப்பையில் வந்து சேரும் நேரத்தைக் கழித்தால் அதில் பாதி.

சால்வடோரில் செவிலியர் படிப்பில் இருக்கும் பொலும்பு தொலைபேசியில் அழுதாள். "உங்க அக்காதான் அங்க இருக்காங்களாமே இலுங்கா? அவங்ககிட்ட சொல்லேன்." நான் மட்டும் இல்லை, ஆறு பேர்.

அப்பா போனபோது நீ படிப்பை நிறுத்திவிட்டுத் தட்டச்சு கற்றுக்கொண்டாய். நான் படிக்க வேண்டும் என்பதற்காக. அதை நீ சொல்லிக்காட்டியதே இல்லை. அம்மா சொல்லிக்காட்டுவாள். உன் பத்து வருடம் என் நாலரை வருடத்துக்குள் இருக்கிறது. அது ஓர் இழுப்பறையில் கிடக்கிறது. சாவி உன் இடுப்பில்.

யாருடைய கையெழுத்தையும் போடச் சொல்லவில்லை. குறிப்பில் கையெழுத்தே கிடையாது என்று நீதான் சொன்னாய்.

இலுங்கா


கின்ஷாசா
19 நவம்பர் 1991

இலுங்கா,

நேற்று அடித்தேன்.

காலை ஒன்பது மணி. தட்டச்சுப் பொறியின் உறையைக் கழற்றினேன். மை நாடா காய்ந்திருந்தது. இரண்டு தடவை சுற்றிவிட்டேன். சின்னம் அச்சிட்ட தாள், அடியில் கார்பன், அடியில் மெல்லிய தாள். பழக்கம். நகல் வைக்க வேண்டிய காரியமா இது என்று கை யோசிக்கவில்லை.

பதிவேட்டில் கடைசி எண் 112. நான் 113 என்று அடித்தேன்.

'பிரேசில் தூதரகம், அமைச்சகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு…' விரல்கள் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. ஒன்பது வருடமாக யாரோ சொல்ல நான் அடித்தேன். யாரும் சொல்லாமல் அடித்தது இதுதான் முதல் தடவை. ஆறு பேரும் வரிசையாக. நீ மூன்றாவது. கடைசி வரியையும் அடித்தேன். இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, மிக உயர்ந்த மதிப்பை. ஒரு பிழை இல்லை.

தாளிலும் நகலிலும் முத்திரை குத்தினேன். அதன் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். தோனா ஜுரேமாவுடையதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். போடவில்லை. இரண்டிலும் என்னுடையதைப் போட்டேன். இன்னொருவர் பெயரைத் திருடவில்லை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளவா, மாட்டிக்கொண்டால் நானே மாட்டிக்கொள்ள வேண்டும் என்றா, தெரியவில்லை.

வெளியே வந்தால் மாவுங்கு எழுந்து நிற்கிறான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.

"அம்மா, தட்டற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்துட்டாங்களா?"

"இல்ல மாவுங்கு."

"அப்ப யாரு தட்டுனது?"

அமைச்சகத்தில் லோக்வா உறையைப் பார்த்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். போன தடவை என்னைப் பார்த்து எழவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படித்தார். சுருக்கொப்பத்தின் மேல் அவர் கண் நின்றதா, தாண்டிப்போனதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன்.

"வந்துட்டாங்களா! சொல்லவே இல்லையே குடிமகளே!"

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததும் பொய்தானா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அம்மாவுக்குத் தெரியாது. பொய் சொல்வதற்குப் பதிலாக, சமைத்த மரவள்ளிக் கீரையில் உப்பு போட மறந்துவிட்டேன். "யாருகூட சண்ட உனக்கு?" என்றாள்.

மூஜிங்கா


கின்ஷாசா
28 நவம்பர் 1991

இலுங்கா,

ஆறு பாஸ்போர்ட்டும் இந்த உறையோடு வருகின்றன. சகோதரி யூலாலியா தன் ஜெபப் புத்தகங்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோகிறார். புதுப்பித்துவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆறே நாளில் தந்தார்கள். வழக்கமாக ஆறு வாரம் ஆகும். அதனாலேயே பயந்தேன்.

இனி நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை குழாயடியில் பேச்சு. நம் ஊர் நடைபாதை வானொலியைத் தெரியுமே உனக்கு.

"பிரேசில்காரங்க திரும்பி வந்துட்டாங்களாம்."

"அரிசி கொண்டாந்திருக்காங்களாமா?"

"பந்துதான் கொண்டாந்திருப்பாங்க. ஒத ஒதன்னு ஒதச்சுட்டுப் பசிய மறந்துடு."

"மூஜிங்கா, நீ அங்கதான வேல பாக்கற? வாயத் திறக்க மாட்டேங்கறியே!"

புதன்கிழமை அது நிஜ வானொலியில் வந்தது. வெளியேறிய தூதரகங்களில் முதலாவதாகப் பிரேசில் தன் பணியைத் தொடங்கியிருக்கிறது, நாட்டில் அமைதி திரும்பியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று. சான்று என்றால் என் குறிப்பு. ஆறு பிள்ளைகளின் பெயர் இருக்கும் அந்த ஒற்றைத் தாள். லோக்வா யாரிடமோ காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறார்.

வியாழக்கிழமை, அதாவது இன்று, அவரே வாசலில் வந்து நிற்கிறார். கூடப் படம் எடுக்கிறவன் ஒருவன்.

"கொடி எங்க குடிமகளே?"

"துவைக்கப் போட்டிருக்கு ஐயா."

"கொடியத் துவைப்பாங்களா?"

"மழக்காலம் ஐயா. பூசணம் பிடிக்குது."

"சரி, அதிகாரியப் பாத்துட்டுப் போறேன். ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்."

மாவுங்கு குறுக்கே வந்தான். "ஐயா, அவங்க வயித்துப்போக்குல படுத்திருக்காங்க. உள்ள போனீங்கன்னா உங்களுக்கும் ஒட்டிக்கும்." லோக்வா இரண்டடி பின்னால் போனார். நாட்டுக்கு நாடு உள்ள நல்லுறவுக்காக நலம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். பூட்டிய கதவைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். படம் எடுக்கிறவன் அதையும் எடுத்தான்.

அவர் போன பிறகு மாவுங்கு சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

இந்தச் செய்தி ஆற்றைத் தாண்டாமல் இருக்காது. பிராசவில்லில் தோனா ஜுரேமாவும் வானொலி கேட்பார்.

பாஸ்போர்ட் கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரே வரி போதும்.

அக்கா


ஓரோ ப்ரேத்து
13 டிசம்பர் 1991

என் அருமை அக்கா,

கிடைத்தது! அனுமதியும் நேற்றே புதுப்பித்தாகிவிட்டது. பொலும்பு சால்வடோரிலிருந்து உன் பெயரைத் தன் முதல் மகளுக்கு வைப்பதாகச் சொன்னாள். முதலில் மாப்பிள்ளை கிடைக்கட்டும் என்றேன். குடியரசில் விருந்து. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஓடினார்கள். "ஸாயிர் செயிச்சிடுச்சு!" நான் அழுதேன்.

இனி, அமைதியாகப் படி.

திங்கட்கிழமை என்னைப் பிரசிலியாவுக்கு அழைத்தார்கள். வெளிநாட்டு மாணவர்களைப் பார்க்கும் பிரிவு. கின்ஷாசாவில் ஆளே இல்லாதபோது குறிப்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். வானொலிச் செய்தி அங்கும் போயிருக்கிறது. இரண்டு பேர். ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார். உன் பெயரைச் சொன்னால் பாஸ்போர்ட் ஆறும் செல்லாது என்பார்கள், உன்னைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று பயம்.

ஏதோ ஒன்று சொன்னேன். உனக்கு அது தெரிய வேண்டாம். உன்னைக் கேட்டால் நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அவர்கள் கிளம்பும்போது முத்திரை குத்திய தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், நான் சொன்னபடி அடித்து அமைச்சகத்தில் சேர்த்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அதிகாரிகளுக்கு ஒன்றும் ஆகாது அக்கா. வேறு ஊருக்கு மாற்றுவார்கள். அவ்வளவுதான். நமக்கு ஏதாவது ஆனால் ஆனதுதான்.

கார்பன் நகலைக் கொளுத்திவிடு.

தம்பி இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, அக்காவின் மேல் தனக்குள்ள மிக மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்துகிறான்.

உன்
இலுங்கா


கின்ஷாசா
9 ஜனவரி 1992

இலுங்கா,

தோனா ஜுரேமா நேற்றுப் படகில் வந்தார். தனியாக. இளைத்திருக்கிறார். மாவுங்கு சல்யூட் அடித்தான். "வயித்துப்போக்கு சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டும்விட்டான். அவருக்குப் புரியவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

உள்ளே வந்து என் மேசைக்கு எதிரே, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் அறைக்குப் போகவில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன் மூஜிங்கா. நான் கிளம்பினப்ப வெத்துத் தாள்ல முத்திர குத்தி உங்கிட்டக் குடுத்தேனா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்கும் அன்னிக்கு மனசு சரியில்ல. ஒருவேள குடுத்திருப்பேனோன்னு ஒரு மாசமா நானே யோசிக்கறேன். தூக்கத்துல எல்லாம் முத்திர குத்தறேன்."

"நீங்க குடுக்கல."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். உன் வாக்குமூலம். துணைத் தூதர் ஜுரேமா, முத்திரையிட்ட தாள்களை விட்டுச் சென்றதாகவும், அதை என் மூலம் மாணவர்களுக்கு அவரே தெரிவித்ததாகவும், இதற்காக நன்றிக்கடன் பட்டிருப்பதாகவும். நன்றி என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன். அடியில் உன் கையெழுத்து. கடைசி எழுத்தில் வால் நீட்டி. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் பழக்கிக்கொடுத்த வால்.

நான் அனுப்பிய தாளில் கையெழுத்து இல்லை. நீ எழுதியதில் இருந்தது.

"இருபத்தாறு வருஷம்," என்றார் அவர். குரல் உயரவில்லை. "ஒரு புகார் கிடையாது. இப்ப விசாரண. வேலைய விட்டு அனுப்பினாலும் அனுப்புவாங்க. எம்மேல என்ன கோவம் உன் தம்பிக்கு? ஒரு தடவதான் பாத்திருக்கேன். விமானம் ஏத்திவிட்டப்ப. என் குளிர்ச்சட்டையக் குடுத்தேன்."

நீ அதை இரண்டு குளிர்காலம் போட்டிருந்தாய். படத்தில் பார்த்தேன்.

நான் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தேன். நகலை நான் கொளுத்தவில்லை. எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே. பழக்கம் போல விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு. முத்திரை ஓரத்தில் விரல் நின்றது.

"இது நீயா?"

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். பிறகு:

"முட்டாள் பொண்ணே… ஒரு பிழை இல்ல. நான் சொல்லச் சொல்ல அடிக்கறப்ப ரெண்டாவது வந்துடும்."

சிரிக்க ஆரம்பித்தார். அது பாதியில் வேறாகிவிட்டது. அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை.

"பாஸ்போர்ட்டு செல்லும். உங்க அமைச்சகம் புதுப்பிச்சது புதுப்பிச்சதுதான். அத நான் கிளற மாட்டேன். அந்தப் பிள்ளைங்க படிக்கட்டும். ஆனா உன்ன இங்க வச்சிருக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"முப்பத்தோராம் தேதிக்குள்ள என் அறிக்க போகணும். உன் நகல் அதுல இருக்கும். உன் தம்பி தானாப் போயி, தான் சொன்னது பொய்னு எழுதிக் குடுத்தான்னா, அதையும் மேல வச்சு அனுப்பறேன். நல்லபடியா ரெண்டு வார்த்த சேத்தும் எழுதறேன். போகலைன்னா நகல் மட்டும் போகும். அப்பறம் அவங்க பாத்துக்குவாங்க."

கதவு வரை போனவர் திரும்பினார். "உன்னக் காப்பாத்தறதுக்குத்தான் அப்படிச் சொல்லியிருப்பான்னு வச்சுக்கோ. எனக்குத் தம்பி இருந்தா நான் அப்படித்தான் வச்சுக்குவேன்."

நேற்றிலிருந்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். இடுப்பு லேசாக இருக்கிறது. மூன்று மாதத் தழும்பு மட்டும் இருக்கிறது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவன் சாப்பிடறானா?" என்றாள்.

இதற்கு மேல் உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் அடித்ததற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. அது என் விரல். ஆனால் 'தம்பி' என்று எழுதினால் கெஞ்சுகிற மாதிரி வருகிறது. 'நீ' என்று எழுதினால் திட்டுகிற மாதிரி வருகிறது. மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே முறையில் அடித்திருக்கிறேன். மாவுங்குவின் மருமகன் கடையில் ஒரு பொறி இருக்கிறது. 'ர' சரியாக விழாது.

இதோடு வைத்திருக்கிறேன். அடியில், மரியாதை வரி வர வேண்டிய இடத்தில், இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நகலிலும் அப்படியே. நகல் என்னிடம் இருக்கிறது.


எண் 1/92

அக்கா, தம்பிக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு, சென்ற நவம்பர் 18-ஆம் தேதியிட்ட 113-ஆம் எண் குறிப்பு முழுவதும் அக்காவாலேயே எழுதப்பட்டது என்றும், துணைத் தூதருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்றும் உறுதி செய்கிறாள். தம்பி பிரசிலியாவில் அளித்த வாக்குமூலம் உண்மைக்கு மாறானது என்பதைத் தம்பியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறாள்.

ஜனவரி 31-ஆம் தேதிக்குள் தம்பி நேரில் சென்று, தன் சொந்தக் கையெழுத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொள்கிறாள். இதனால் தம்பியின் படிப்புக்கு இடையூறு நேரலாம் என்பதை அக்கா அறிவாள். அவ்வாறு நேர்ந்தால், பண்டால் தெரு வீட்டில் முன்னறை காலியாக இருக்கிறது. அம்மா படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

தம்பியின் பதிலை அக்கா எதிர்பார்க்கிறாள்.




கின்ஷாசா, 9 ஜனவரி 1992

மூ.